எழுத்தில் வராத மறுப்பு

அடையாளச் சான்று இல்லாதவர் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். வங்கி ஊழியர்களிலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள் என்பது, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்குத் துணையாகக் கிளைகளுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விதிகளோ அப்படிச் சொல்வதில்லை. இந்தியா, அமெரிக்கா, பிரான்சு, தென்னாப்பிரிக்கா என்று நான் தேடிப் படித்த விதிமுறைகளில் எல்லாம், வழக்கமான ஆவணங்களைக் காட்ட முடியாதவரையோ வங்கிகள் ஒதுக்கித் தள்ளியவரையோ மனத்தில் வைத்து ஏதாவதொரு உட்பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் மனிதர்கள் ஏன் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பது நெடுநாளாக என்னை உறுத்திவந்த கேள்வி. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கு மறுக்கப்படும்போது அந்த மறுப்பு எங்கும் பதிவாவதில்லை, பதிவாகாத மறுப்புக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆவணம் இல்லாதவர் என்றதும் கையில் ஒரு தாளும் இன்றி நிற்கும் ஒருவரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அத்தகையவர்களும் உண்டு, உலகில் சுமார் 85 கோடிப் பேரிடம் அரசு அங்கீகரித்த அடையாள ஆவணம் எதுவும் இல்லை என்பது உலக வங்கியின் மதிப்பீடு. ஆனால் கவுண்டரில் தடுத்து நிறுத்தப்படுபவர்களில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேறு வகையினர். அவர்களிடம் தாள்கள் இருக்கும், ஆனால் அவை ஒன்றோடொன்று பொருந்தாது. ஒன்றில் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும், இன்னொன்றில் பிறந்த ஆண்டு வேறாக இருக்கும், மூன்றாவதில் எப்போதோ காலி செய்த வீட்டின் முகவரி இருக்கும். வாழ்நாள் முழுவதும் வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் கணவர் பெயரிலேயே இருந்து, அவர் இறந்த பிறகு முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு கணக்கு வேண்டி வரும் முதியவள். அடி தாங்காமல் இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறியவள், அவளுடைய சான்றிதழ்களெல்லாம் அந்த வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பியதும் காப்பகத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்ட இளைஞன். சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர். வெள்ளத்திலோ தீயிலோ எல்லாவற்றையும் இழந்தவர். சான்றிதழில் உள்ள பெயரோடும் பாலினத்தோடும் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ள முடியாத திருநங்கை. இவர்கள் ஒவ்வொருவரும் யார் என்பதைச் சொல்லக்கூடிய மனிதர்கள் அவர்களைச் சுற்றி இருக்கிறார்கள். வங்கி ஏற்கும் வடிவத்தில் அதைச் சொல்லும் தாள்தான் இல்லை.

அந்தத் தாளைப் பெறுவதற்கு என்ன வேண்டும் என்று விசாரித்தால் ஒரு வட்டம் தெரியத் தொடங்கும். அடையாள அட்டைக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தமோ சேவைக் கட்டண ரசீதோ வேண்டும். முறையான ஒப்பந்தம் போடும் வீட்டு உரிமையாளர் முன்பணத்தை வங்கி மூலம் தரச் சொல்வார். முன்பணம் சேர்க்க வேலைக்குப் போனால், சம்பளத்தைக் கணக்கில்தான் போடுவோம் என்பார் முதலாளி. இதில் வேடிக்கை என்னவென்றால், வேறு பல அலுவலகங்களில் முகவரிக்கான சான்றாக முதலில் ஏற்கப்படுவது வங்கியின் பாஸ்புக்தான். எந்த இடத்தில் நுழைய முயன்றாலும், அதற்கு முந்தைய இடத்தைக் கடந்து வந்ததற்கான அத்தாட்சியைக் கேட்கிறார்கள்.

இந்த வட்டத்தை யார் வரைந்தார்கள் என்று பார்க்கும்போது, பணச்சலவையை, அதாவது குற்றத்தில் வந்த பணத்தை நல்ல பணமாக மாற்றிக் காட்டுவதை, தடுக்கும் சட்டங்களையே எல்லோரும் கைகாட்டுகிறார்கள். 1989 ஆம் ஆண்டு ஏழு பெரும் பொருளாதார நாடுகள் பாரிசில் கூடியபோது உருவான நிதி நடவடிக்கைப் பணிக்குழுதான் இந்தத் துறையில் உலகம் முழுவதற்குமான தரநிலைகளை வகுக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதன் பிடி இறுகியது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குழுவின் பரிந்துரை, வாடிக்கையாளர் யார் என்பதை நம்பகமான, சார்பற்ற மூலத்திலிருந்து வந்த ஆவணங்களையோ தரவுகளையோ தகவல்களையோ கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறது. தரவு, தகவல் ஆகிய இரண்டும் அங்கே ஆவணத்துக்குச் சமமாக நிற்கின்றன. புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்று, முகவரிக்கு மற்றொன்று என்று அது கேட்கவில்லை. 2012 இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரைகளில், ஆபத்து குறைவான இடத்தில் எளிய சரிபார்ப்பு போதும் என்ற அணுகுமுறையை அதே குழு மையத்தில் வைத்தது. 2025 பிப்ரவரியில் அந்த எளிமையை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்ற அளவுக்கு வாசகத்தை மேலும் மாற்றியது. கடுமைக்குப் பேர்போன அமெரிக்காவில் 2003 இல் வந்த வாடிக்கையாளர் அடையாள விதிகூட, புகைப்பட அட்டை காட்ட இயலாதவர் வந்தால் ஆவணமின்றி எப்படிச் சரிபார்ப்பது என்பதை வங்கி முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது.

அப்படியானால் கடுமை எங்கே சேர்கிறது? என் அனுபவத்தில் அது இரண்டு இடங்களில் சேர்கிறது. முதலாவது, வங்கியின் தலைமையகம் விதியைச் சுருக்கித் தயாரிக்கும் சரிபார்ப்புப் பட்டியல். நூறு பக்க விதிமுறையைக் கிளை ஊழியர் படிக்க முடியாது என்பதற்காக ஒரே பக்கத்தில் பட்டியல் போடுகிறார்கள். அந்த ஒரு பக்கத்தில் விதிவிலக்குகளுக்கு இடம் கிடைப்பதில்லை. இரண்டாவது, கணினித் திரை. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தில் ஆவண எண்ணை நிரப்பாமல் அடுத்த பக்கம் வராது. ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மென்பொருள் எழுதியவர் நினைத்துப் பார்க்காத வாடிக்கையாளருக்கு அங்கே கணக்கு இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை ஒரு திரையின் கட்டாயக் கட்டம் திருத்திவிடுகிறது என்று நான் சொன்னால் சற்று மிகையாகத் தோன்றலாம். கவுண்டரின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அது மிகையாகத் தெரியாது.

இந்தியாவின் ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்தில் இருக்கும் வழிக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் அதில் தெளிவாகத் தெரிகிறது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, மாநில அரசு அதிகாரி கையொப்பமிட்ட நூறுநாள் வேலைத் திட்ட அட்டை, பெயரும் முகவரியும் கொண்ட தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம் ஆகிய ஆறும்தான் அங்கே அதிகாரப்பூர்வமாகச் செல்லுபடியாகும் ஆவணங்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லாதவருக்காக, 2010 டிசம்பரில் பணச்சலவைத் தடுப்பு விதிகளைத் திருத்திச் ‘சிறு கணக்கு’ என்ற ஒன்றை உருவாக்கினார்கள். தானே கையொப்பமிட்ட ஒரு புகைப்படத்தோடு போய், வங்கி அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். அவர் தன் முன்னால்தான் அது வைக்கப்பட்டது என்று சான்றளிப்பார். வேறு ஆவணம் தேவையில்லை. இதற்கு ஈடாகக் கணக்குக்கு வரம்புகள் உண்டு: ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்ந்து 10,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வெளிநாட்டுப் பணம் அதில் வராது. சிறையில் இருப்பவருக்குக்கூட, சிறைப் பொறுப்பு அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திட்டு இந்தக் கணக்கைத் தொடங்கும் வழியை விதி தந்திருக்கிறது.

யோசித்துச் செய்த ஏற்பாடு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் நகர்த்த முடியாத கணக்கை வைத்துக்கொண்டு எந்தக் கடத்தல்காரரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. ஆயினும் வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு முதியவளோடு நான் ஒரு கிளைக்குப் போய் இந்தக் கணக்கின் பெயரைச் சொன்னபோது, கவுண்டரில் இருந்த இளைஞர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். “ஆதார் இல்லாம எதுவும் பண்ண முடியாதும்மா, எடுத்துட்டு வாங்க” என்று அந்த அம்மாவிடம் சொன்னார். “இருந்தா கொண்டு வந்திருக்க மாட்டேனாப்பா?” என்று அவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மேலாளரிடம் போனோம். அவர் மரியாதையாகவே பேசினார். சிறு கணக்கு என்ற ஒன்று இருப்பது தனக்குத் தெரியும் என்றும், தன் கிளையில் இதுவரை யாருக்கும் திறந்ததில்லை என்றும், திறந்தால் பன்னிரண்டு மாதமும் அதைக் கண்காணிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பிறகு, “அட்டைக்கு விண்ணப்பிச்சிட்டு வாங்க, முழுக் கணக்காவே திறந்து தர்றேன்” என்று அனுப்பி வைத்தார். நல்ல மனிதர் ஒருவர் அன்போடு சொன்ன அந்த வாக்கியமும் ஒரு மறுப்புதான். வங்கியின் எந்தக் கணக்கேட்டிலும் அன்று ஒருவர் வந்து போனதாகக்கூட இருக்காது.

அந்த மேலாளரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். அவர் கணக்கைத் திறந்து, பின்னர் அதில் ஏதேனும் தவறு நடந்தால், தணிக்கையில் அவருடைய பெயர் வரும். பதவி உயர்வு போகும். சில வேளைகளில் வேலையே போகும். திறக்காமல் அனுப்பிவிட்டால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. அடிப்படைக் கணக்கில் வங்கிக்கு இலாபமும் இல்லை. இப்படி ஒரு பக்கம் தண்டனையும் மறுபக்கம் ஒன்றுமின்மையும் இருக்கும் தராசில் நியாயமான மனிதர்கள்கூட ஒரே பக்கம்தான் சாய்வார்கள். ஆகவே ஊழியர்களின் இரக்கமின்மையைப் பற்றிய புலம்பல்களில் எனக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே சொன்ன மேலாளருக்கு விதி தெரிந்தே இருந்தது.

மறுப்பு வாய்மொழியாக இருப்பதால் அது பல உருவங்களில் வருகிறது. சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள், இந்தக் கிளையில் செய்வதில்லை, பெரிய கிளைக்குப் போங்கள், படிவம் தீர்ந்துவிட்டது, கணக்குத் திறக்கும் அதிகாரி விடுப்பில் இருக்கிறார். இவற்றில் சில உண்மையாகவும் இருக்கும். ஆனால் அன்றாடக் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு ‘நாளை’யும் ஒரு நாள் கூலி. சிலமுறை அலைந்த பிறகு அவர் வராமல் போகிறார். அவராகவே வராமல் போனதால், மறுக்கப்பட்டவர் என்றுகூட யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். 2021 இல் உலகில் 140 கோடி வயதுவந்தோருக்குக் கணக்கு இல்லை என்று உலக வங்கி கணக்கிட்டது. அவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது ஒரு கிளைக்குள் நுழைந்து திரும்பியவர்கள் என்பதை வங்கிகளின் பதிவேடுகளைப் புரட்டி அறிய வழியில்லை. விண்ணப்பமே வாங்கப்படாத இடத்தில் நிராகரிப்பு எப்படிப் பதிவாகும்?

பிரான்சின் ஏற்பாடு எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே 1984 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்திலிருந்தே கணக்குக்கான உரிமை இருந்துவருகிறது. ஒரு வங்கி கணக்குத் தர மறுத்தால், மறுத்ததற்கான கடிதத்தோடு நாட்டின் மத்திய வங்கியை அணுகலாம். அது ஒரு வங்கியைக் குறிப்பிட்டு, இவருக்குக் கணக்குத் திற என்று பணிக்கும். அடையாளத்தைக் காட்டும் கடமை அங்கேயும் இருக்கிறது, எனவே அது எல்லோருடைய சிக்கலையும் தீர்ப்பதில்லை. ஆனால் மறுப்புக் கடிதம் அங்கே ஒரு முடிவாக இல்லாமல் அடுத்த மேசைக்கான நுழைவுச் சீட்டாக இருக்கிறது. வங்கி ஊழியருக்கு, மறுப்பது என்பது தடயம் விட்டுச் செல்லும் செயலாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் இயற்றிய கட்டணக் கணக்குகள் நெறிமுறை இதை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் நெருக்கமாகக் கொண்டுவந்தது. சட்டப்படி வசிக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவர்களும் அடைக்கலம் கோருபவர்களும் உட்பட, அடிப்படைக் கணக்குக்கு உரிமை உண்டு. முழுமையான விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில், கட்டணமின்றி, உடனே தெரிவிக்க வேண்டும். தேசப் பாதுகாப்பு, பணச்சலவைத் தடுப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே அந்தக் காரணத்தை மறைக்கலாம். மறைப்பதற்கான அந்த அனுமதி சில வங்கிகளுக்குப் போதுமான ஒளிவிடமாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு, ஆனாலும் மறுத்தோம் என்பதையாவது அவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்தியாவிலும் இந்தத் திசையில் ஒரு நகர்வு நடந்திருக்கிறது, அது நடந்த விதம் கவனிக்கத்தக்கது. கைபேசி வழியாக வாடிக்கையாளரைச் சரிபார்க்கும் முறையில், உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்யக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்களால் சிமிட்ட முடியாது. பார்வையற்றவர்களால் திரை காட்டும் கட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவர முடியாது. அவர்கள் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறி, இருபது வழிகாட்டுதல்களை வழங்கியது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் விதிகளைத் திருத்தியபோது, சிந்தித்துப் பார்க்காமல் எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது என்றும், நிராகரிப்பதற்கான காரணத்தை உரிய அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்றும் சேர்த்தது. சிமிட்ட இயலாதவர்களின் போராட்டத்தால் வந்த அந்த வரி, தாள் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது போல் எனக்குப் படுகிறது. பதிவு செய்தால் போதும் என்கிறது, விண்ணப்பித்தவரின் கையில் நகல் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்தக் குறையைப் பின்னர் பேசலாம்.

வங்கிகளின் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது முறையல்ல. இணைய மோசடியில் பறித்த பணம் கைமாறுவது கூலிக்கு விடப்பட்ட கணக்குகள் வழியாகத்தான். தன் கிளையில் அப்படி ஒன்று பிடிபட்டால் மேலாளர் படும் பாடு எளிதல்ல. ஆனால் அந்தக் கணக்குகளை நெருங்கிப் பார்த்தால், அவற்றில் பல உண்மையான அட்டை, உண்மையான முகவரி, உண்மையான புகைப்படத்தோடு திறக்கப்பட்டவை. சொந்தப் பெயரில் ஒழுங்காகத் திறந்து, பிறகு சொற்பத் தொகைக்கு அட்டையையும் கடவுச்சொல்லையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆவணம் கச்சிதமாக இருப்பது நேர்மைக்கு உத்தரவாதமில்லை. பணம் எப்படி நகர்கிறது என்பதைப் பார்க்கும் கண்காணிப்பும், வரம்பு விதித்த கணக்கும்தான் அங்கே காவல். தென்னாப்பிரிக்கா 2004 இல் ம்சான்சி என்ற அடிப்படைக் கணக்கைத் தொடங்கியபோது இந்தத் தர்க்கத்தில்தான் நடந்தது; முறையான தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத குடியிருப்புகளில் வாழ்பவர்களிடம் முகவரிச் சான்று கேட்பதை விட்டுவிட்டு, பரிவர்த்தனைக்கு உச்சவரம்பு வைத்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். யாருக்காகவாவது துணைக்குப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கேள்வி கேட்பதற்கு முன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது. “இப்படி ஒருவருக்குக் கணக்குத் திறக்க முடியுமா?” என்று கேட்டால் இல்லை என்ற சொல் காற்றோடு போய்விடும், நிரப்பிய படிவத்தைக் கொடுத்து ஒப்புகை கேட்டால், வாங்கியவர் ஏதாவது செய்தாக வேண்டும். கணக்கின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். கேட்பது குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கா, ஆவணமே தேவைப்படாத சிறு கணக்கா என்பதில் ஊழியர்களுக்கே குழப்பம் உண்டு. முகவரி மட்டும்தான் சிக்கல் என்றால், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத மின்சாரம், தொலைபேசி, குடிநீர்க் கட்டண ரசீது, சொத்துவரி ரசீது, ஓய்வூதிய ஆணை போன்றவற்றைத் தற்காலிகமாக ஏற்க இந்திய விதி இடம் தருகிறது. தற்போதைய முகவரியுள்ள ஆவணத்தை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ பழைய ஆவணத்தோடு சேர்ந்து செல்லுபடியாகும். காப்பகம், விடுதி, சிறை போன்ற இடங்களிலிருந்து வருபவர்களுக்கு அந்த இடத்தின் பொறுப்பாளர் முத்திரையோடு தரும் கடிதம் பிரிட்டன் போன்ற நாடுகளில் உண்மையாகவே உதவுகிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது எங்கேயும் நட்டமில்லை.

மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மாட்டார்கள். அப்போது அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில், இன்ன தேதியில் இன்னார் இன்ன கணக்குக்கு விண்ணப்பித்தார், இன்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார் என்று எழுதி, கிளைக்கு முகவரியிட்டுக் கொடுத்து, நகலில் முத்திரை கேளுங்கள். குரல் உயர்த்த வேண்டியதே இல்லை. பலமுறை அந்தத் தாளை எழுதத் தொடங்கும்போதே மேலாளர் வேறொரு வழி யோசிக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் அவர்மீது எனக்குக் கோபமில்லை, தராசின் மறுதட்டில் இப்போதுதான் ஏதோ ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. முத்திரையும் கிடைக்காவிட்டால் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். இந்தியாவில் வங்கி முப்பது நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது அந்தத் தாள்தான் முதல் இணைப்பு.

சிறு கணக்குக் கிடைத்துவிட்டால் ஒன்றைத் தவறாமல் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு முதலில் பன்னிரண்டு மாதம்தான் நடப்பில் இருக்கும். அதற்குள் ஏதாவதொரு அதிகாரப்பூர்வ ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்கான சான்றைக் காட்டினால் மேலும் பன்னிரண்டு மாதம் நீட்டிப்பார்கள்; அட்டை கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை, விண்ணப்பித்திருந்தால் போதும். எனவே கணக்குத் திறந்த வாரத்திலேயே, பாஸ்புக்கின் நகலை இணைத்து, வாக்காளர் அட்டைக்கோ ஆதாருக்கோ விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டின் ஒரு நகலைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்கி, மற்றொன்றைப் பாஸ்புக்கின் உறைக்குள் வைத்துவிடுங்கள்.